தொகையிலிருந்து முத்தகம்: இந்தியன் ஓஷன் பாடல்களில் தனித்து வெளிவந்திருக்க வேண்டியவை எவை?

(நீண்ட பதிவு. இசை வரலாறு, பண்பாட்டு வரலாறு ஆகியவற்றில் ஈடுபாடுடைய ஆய்வு மாணவர்கள் பொறுமையுடன் வாசிக்க வேண்டுகிறேன்.)

மேலை ராக் இசையைப் பற்றி எழுதுவோரிடையே ஓயாமல் எழும் வினா ஒன்று உண்டு. ஒரு குழுவின் ஆல்பத்தில் இடம்பெற்று அதனுள்ளேயே தங்கிவிட்ட பாடல்களுள் எவை 'சிங்கிள்' ஆக, அதாவது தனித்தட்டாக, வெளிவந்திருக்க வேண்டும் என்பதே அது. லெட் செப்பலின் குழுவின் மிகப் புகழ்பெற்ற பாடலான 'ஸ்டெயர்வே டு ஹெவன்' 1971இல் ஆல்பத்தில் வெளிவந்தது. அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் அது கடையில் விற்கும் தனித்தட்டாக அப்போது வரவில்லை. வேண்டுவோர் முழு ஆல்பத்தையும் வாங்க நேர்ந்தது. பீட்டில்ஸ் குழு 1967இல் 'ஸார்ஜென்ட் பெப்பர்' ஆல்பத்தை வெளியிட்டபோது அதிலிருந்து ஒரு பாடலையும் தனியே வெளியிடவில்லை. அதற்குச் சில மாதங்களுக்கு முன் தனித்தட்டாக வந்த இரு பாடல்களை அந்த ஆல்பத்தில் சேர்க்கவும் இல்லை. எதைத் தனித்து நிறுத்துவது, எதைத் தொகைக்குள் வைப்பது என்பது அங்கே திட்டமிட்டு எடுக்கப்பட்ட முடிவு.

இவ்வினாவைத் தில்லியின் பெயர்பெற்ற ராக் குழுவான இந்தியன் ஓஷனை நோக்கி எழுப்பினால் என்ன நிகழும் என்பதே இப்பதிவின் பொருள். சுஸ்மித் சென், அஷீம் சக்ரவர்த்தி ஆகிய இருவரும் 1990இல் தொடங்கிய குழு இது. பின்னர் ராகுல் ராமும் 1994இல் அமித் கிலமும் இணைந்தனர். இந்நால்வர் அணியே 2009 வரை நீடித்தது. இவர்களுடைய ஆல்பங்கள் வெளிவந்த 1990களிலும் 2000களின் முற்பகுதியிலும் மேலைநாட்டுப் பொருளில் சிங்கிள் விற்கும் சந்தை இந்தியாவில் இல்லை. ஆகவே வினாவே பொருந்தாது என்று சிலர் தள்ளிவிடக்கூடும். அவ்வாறு தள்ளுவது சரியன்று என்பது என் கருத்து. சிங்கிள் என்ற பண்டம் இல்லாவிடினும், ஒரு தொகையிலிருந்து ஒரு பாடலைப் பிரித்தெடுத்து ஊருக்குள் உலவவிடும் வேலை நடந்துகொண்டே இருந்தது. அதைச் செய்தவை தொலைக்காட்சி, திரைப்படம், போராட்ட மேடை, கல்லூரி விழா ஆகியவை. அவை தெரிந்தெடுத்த பாடல்களே இன்று அக்குழுவின் அடையாளமாக நிற்கின்றன. தெரிந்தெடுக்கப்படாதவை யாருடையவை, எதைப் பற்றியவை என்று பார்த்தால், தில்லியின் அண்மைக்கால வரலாற்றில் ஒரு பக்கம் எப்படி மங்கியது என்பது புலப்படும்.

1. தனித்தட்டு இந்தியாவில் பட்ட பாடு

இந்தியாவில் தனித்தட்டுதான் முதலில் வந்தது. ஆல்பம் பின்னர் வந்தது. 78 சுழற்சி இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ மூன்று அல்லது மூன்றரை நிமிட இசையே அடங்கும். எஸ். ஜி. கிட்டப்பாவும் கே. பி. சுந்தராம்பாளும் நாடக மேடையில் நெடுநேரம் விரித்துப் பாடியவற்றைச் சுருக்கி அந்த அளவுக்குள் அடைத்துக் கொடுத்தார்கள். கேட்போர் வாங்கியது ஒவ்வொரு பாடலாகத்தான். 1960களில் 45 சுழற்சித் தட்டுகள் பரவின. திரைப்படத்தின் மூன்று நான்கு பாடல்கள் ஒரே சிறு தட்டில் வந்தன. மேலைப் பாணியில் இசைத்த இந்திய இளைஞர் குழுக்கள் சிலவும் அப்போது சிறு தட்டுகளை வெளியிட்டன. சிம்லா சிகரெட்டின் பெயரால் நடத்தப்பட்ட 'சிம்லா பீட்' போட்டியில் தேர்ந்த குழுக்களின் பாடல்கள் 1970, 1971 ஆம் ஆண்டுகளில் நெடுந்தட்டுகளாகத் தொகுக்கப்பட்டன. ஒரு குழுவுக்கு ஓரிரு பாடல் என்ற அளவில் அமைந்த அத்தொகைகள், இன்றைய நோக்கில் பல சிங்கிள்களின் கட்டு போன்றவையே.

1980களில் கேசட் இந்நிலையை மாற்றியது. தில்லி தரியாகஞ்சில் பழச்சாறு விற்ற குடும்பத்திலிருந்து வந்த குல்ஷன் குமார் தொடங்கிய டி-சீரிஸ் நிறுவனம், மலிவு விலைக் கேசட்டுகளால் எச்.எம்.வி.யின் நெடுங்கால ஆதிக்கத்தை உடைத்தது. போஜ்புரி, கட்வாலி, ஹரியானவி, பஞ்சாபி எனச் சிறு வட்டாரங்களின் பாடல்கள் முதன்முறையாகப் பெருமளவில் சந்தைக்கு வந்தன. இது பெரிய சனநாயகமாக்கம். ஆனால் கேசட்டின் அமைப்பு தனிப்பாடலுக்கு இடம் தரவில்லை. ஒரு பாடலுக்காக ஒரு நாடாவை யாரும் வாங்கமாட்டார்கள்; பக்கத்துக்கு 20 நிமிடத்துக்கும் மேல் நிரப்பியாக வேண்டும். ஆகவே சிங்கிள் என்ற வடிவம் அதே காலத்தில் கடைகளிலிருந்து மறைந்தது.

வானொலியும் துணைசெய்யவில்லை. அகில இந்திய வானொலி 1969இல் தில்லியில் தொடங்கிய 'யுவ வாணி' இளைஞர்க்கு ஓரளவு இடமளித்தது. 1993இல் எஃப்.எம். அலைவரிசையின் நேரப்பகுதிகள் தனியாருக்குக் குத்தகைக்குத் தரப்பட்டன. 2003 வாக்கில் முழுமையான தனியார் நிலையங்கள் தில்லிக்கு வந்தபோது அவை பெரிதும் திரைப்பாடல்களையே நம்பி நின்றன. ஏழு, எட்டு நிமிடம் நீளும் திரைசாராப் பாடலுக்கு அங்கே இருக்கை இல்லை.

2. ஒரே நகரம், மூன்று வழிகள்

இச்சூழலில் தில்லியின் மூன்று குழுக்கள் மூன்று வேறு வழிகளைக் கண்டன. இவற்றை ஒருசேர வைத்துப் பார்ப்பது நமக்குப் பயன்படும்.

முதலாவது, பலாஷ் சென்னின் யூஃபோரியா. 1994இல் சேனல் வி, 1996இல் எம்டிவி இந்தியா ஆகியவை வந்தபின், காட்சிப்பாடலே சிங்கிளின் வேலையை ஏற்றது. 1998இல் வந்த 'தூம் பிச்சக் தூம்' அப்படித்தான் நாடெங்கும் பரவியது. ஆல்பத்தில் வேறு என்னென்ன பாடல்கள் உள்ளன என்று அறியாதவர்களும் அந்த ஒரு பாடலை அறிந்திருந்தார்கள்.

இரண்டாவது, 1991இல் தில்லிப் பல்கலைக்கழக மாணவர் சூழலில் தோன்றிய பரிக்ரமா. இவர்கள் வழக்கமான முறையில் ஆல்பம் வெளியிடுவதைத் தவிர்த்துப் பாடல்களை இணையத்தில் இலவசமாகக் கொடுத்தார்கள். 'பட் இட் ரெய்ன்ட்' என்ற பாடல் கல்லூரி விழாக்களின் வழியாகவும், ஒருவர் மற்றொருவருக்குப் படியெடுத்துக் கொடுத்ததன் வழியாகவும் புகழ்பெற்றது. தொகையே இல்லாத தனிப்பாடல் என்று இதைச் சொல்லலாம்.

மூன்றாவது, இந்தியன் ஓஷன். இவர்கள் ஆல்பமாகவே சிந்தித்தவர்கள். எச்.எம்.வி. வழியே 1993இல் முதல் ஆல்பம், 1997இல் மேடை நிகழ்ச்சியின் நேரடிப் பதிவான 'டெசர்ட் ரெய்ன்', 2000இல் டைம்ஸ் மியூசிக் வெளியிட்ட 'கந்தீசா', 2003இல் 'ஜீனி'. பாடல்கள் நீளமானவை. குரல் நுழையும் முன்பே கிதாரும் தாளமும் நெடுந்தொலைவு சென்றிருக்கும். இவற்றிலிருந்து எதைப் பிரிப்பது என்று யாரும் முறையாக முடிவெடுக்கவில்லை. அம்முடிவைப் பின்னாளில் ஒரு திரைப்படம் எடுத்தது.

அனுராக் காஷ்யப்பின் 'பிளாக் ஃபிரைடே' 1993 பம்பாய்க் குண்டுவெடிப்புகளைப் பற்றியது. 2005 தொடக்கத்தில் வெளிவர இருந்த அப்படம் பம்பாய் உயர் நீதிமன்றத் தடையால் நின்று, 2007 பிப்ரவரியில்தான் திரைக்கு வந்தது. அதற்கு இந்தியன் ஓஷன் இசையமைத்து, பியூஷ் மிஸ்ரா எழுதிய 'பந்தே' பாடல் படத்துக்கு முன்பே வெளியே வந்துவிட்டது. படமின்றித் திரைப்பாடல் மட்டும் உலவிய அந்த இரண்டு ஆண்டுகளில் அது உண்மையில் ஒரு சிங்கிளாகவே வாழ்ந்தது. பெரும்பாலோர் இக்குழுவை அறிந்தது இதன் வழியாகத்தான். பாடல் அதற்குத் தகுதியானது, ஐயமில்லை. ஆயினும் அதற்கு முன் பதினைந்து ஆண்டு உழைப்பு இருந்தது. அதிலிருந்து முன்னே வந்திருக்க வேண்டியவை எவை என்ற வினா இங்கிருந்துதான் கூர்மை பெறுகிறது.

3. ஓர் அளவுகோல்

'எனக்குப் பிடித்த பாடல்' என்பது வரலாற்று அளவுகோல் ஆகாது. தமிழ் இலக்கண மரபில் இதற்கு உதவும் கருத்தாக்கம் ஒன்று உள்ளது. தண்டியலங்காரம் செய்யுளை முத்தகம், குளகம், தொகைநிலை, தொடர்நிலை என நான்காக வகுக்கிறது. தனியே நின்று பொருள் முற்றுவது முத்தகம். பல பாட்டுகள் ஒரே வினைகொண்டு முடிவது குளகம். தனித்தனிப் பாட்டுகள் ஏதேனும் ஒரு காரணம் பற்றித் தொகுக்கப்படுவது தொகைநிலை. பொருளாலோ சொல்லாலோ ஒன்றையொன்று தொடர்வது தொடர்நிலை.

இக்கண்கொண்டு பார்த்தால், ஆல்பங்களுள் சில தொகைநிலை, சில தொடர்நிலை. சிங்கிள் என்பது முத்தகம். தொகைநிலையிலிருந்து முத்தகத்தை எடுப்பது எளிது. தொடர்நிலையிலிருந்து எடுத்தால் காப்பியத்திலிருந்து ஒரு கவியைப் பிடுங்கியதுபோல் ஆகும். சில கவிகள் அப்படிப் பிடுங்கியும் வாழும். சில வாடிவிடும்.

எனவே மூன்று தேர்வுகளை முன்வைக்கிறேன். ஒன்று, பாடல் தன் சூழல் இன்றியும் பொருள் முற்றி நிற்க வேண்டும். இரண்டு, அது வெளிவந்த காலத்தில் அதைக் கேட்க வேண்டிய ஒரு தேவை ஊரில் இருந்திருக்க வேண்டும். மூன்று, ஆல்பம் சென்றடையாத ஒரு கேட்போர் கூட்டத்தை அது தனியே சென்றடைந்திருக்கக்கூடிய வழி அன்றே இருந்திருக்க வேண்டும். மூன்றாவது தேர்வு முக்கியம். நடந்திராத ஒன்றைப் பற்றி வரலாற்று மாணவர் பேசலாம். ஆனால் அன்றைய மனிதர்களின் கைக்கு எட்டிய வாய்ப்புகளுக்குள் நின்றே பேச வேண்டும்.

இத்தேர்வின்படி 'லீவிங் ஹோம்', 'கஜுராஹோ' போன்றவை விலகிவிடுகின்றன. அவை சிறந்த ஆக்கங்கள். ஆனால் மெல்ல விரிவதே அவற்றின் இயல்பு. வெட்டிக் குறுக்கினால் எஞ்சுவது வேறொன்று. கேரளத்துச் சிரியன் கிறித்தவர்களின் வழிபாட்டில் வழங்கும் சிரியாக் மொழித் துதியை அடிப்படையாகக் கொண்ட 'கந்தீசா' பாடலுக்கு நம் பரிந்துரை தேவையில்லை. ஆல்பத்தின் தலைப்பாக நின்றதே அதற்குப் போதிய முன்னிலையைத் தந்துவிட்டது. எஞ்சுபவற்றுள் மூன்று பாடல்களை நான் தெரிந்தெடுக்கிறேன்.

4. 'கோயிங் டு ஐ.டி.ஓ.' (1997)

தில்லிக்கு வெளியே இருப்போருக்காக ஒரு விளக்கம். ஐ.டி.ஓ. என்பது வருமானவரி அலுவலகத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சுருக்கம். அவ்வலுவலகம் உள்ள நாற்சந்திக்கே அப்பெயர் நிலைத்துவிட்டது. பகதூர் ஷா ஜஃபர் சாலையின் நாளிதழ் அலுவலகங்கள் ஒருபுறம், யமுனைப் பாலத்துக்குச் செல்லும் சாலை மறுபுறம். கிழக்குத் தில்லியிலிருந்து நகருக்குள் வேலைக்கு வருவோர் நாள்தோறும் கடக்கும் நெரிசல் மிகுந்த இடம் அது. செங்கோட்டையும் குதுப்மினாரும் தில்லியின் அடையாளங்களாகப் பாடப்பட்டிருக்க, ஒரு போக்குவரத்துச் சந்தியின் பெயரை இசைக்கோவைக்குச் சூட்டியது இக்குழு.

'டெசர்ட் ரெய்ன்' ஆல்பத்தில் உள்ள இக்கோவை சொற்களை நம்பி நிற்பதன்று. கிதாரும் தாளமும்தான் அதன் உடல். கருவியிசை தனித்தட்டாக நிற்குமா என்று கேட்கலாம். 1960இல் ஷேடோஸ் குழுவின் 'அப்பாச்சி' இங்கிலாந்தின் விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. அதில் ஒரு சொல்லும் இல்லை. இந்திய வானொலியிலும் நிகழ்ச்சிகளுக்கிடையே கருவியிசை ஒலிபரப்பும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. ஆக, வழி இல்லாமல் இல்லை.

இப்பாடலை முன்வைப்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. இக்குழுவின் ஒலி சுஸ்மித் சென்னின் கிதாரைச் சுற்றி உருவானது. இந்துஸ்தானி இசையின் அசைவுகளைக் கிதாரில் கொண்டுவந்த அம்முறையே தொடக்க காலத்தில் அவர்களைப் பிறரிடமிருந்து வேறுபடுத்தியது. 'பந்தே' வழியாக வந்த கேட்போருக்கு இக்குழு முதன்மையாகக் குரல்களின் குழு. 2013இல் சென் விலகியபோது எது இழக்கப்பட்டது என்பதை உணரும் வாய்ப்பு அவர்களுக்குக் குறைவு. ஒரு கருவியிசைக் கோவை முன்னரே தனித்து நின்றிருந்தால் அந்நினைவு இவ்வளவு ஒருபக்கமாகச் சாய்ந்திருக்காது.

5. 'ஹில்லே லே' (2000)

1989 சனவரி மாதம் தில்லியின் பண்பாட்டு வரலாற்றில் துயரமானது. அம்மாதம் முதல் நாள், நகரின் எல்லையை ஒட்டிய சாகிபாபாத்தில் வீதி நாடகம் நடத்திக்கொண்டிருந்த சஃப்தர் ஹாஷ்மி தாக்கப்பட்டு, மறுநாள் இறந்தார். அதே மாத இறுதியில், ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் ஆய்வாளராக இருந்த கவிஞர் கோரக் பாண்டே அவ்வளாகத்தில் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். இந்தி, போஜ்புரி ஆகிய இருமொழிகளிலும் உழவரையும் கூலித் தொழிலாளரையும் பற்றி எழுதியவர் அவர். அவருடைய போஜ்புரிப் பாடல்கள் பீகார், கிழக்கு உத்தரப் பிரதேசப் போராட்டக் களங்களில் அச்சுக்கு வெளியேயும் வாய்வழியாக வழங்கின.

அடுத்த ஆண்டு தோன்றிய இந்தியன் ஓஷனின் வாழ்வில் இவ்விரு மரணங்களின் தடமும் உண்டு. ஹாஷ்மி நினைவாக அமைந்த சஹ்மத் அமைப்பு 1997 சனவரி முதல் நாளில் தில்லியில் நடத்திய நிகழ்ச்சியில் பதிவானதே 'டெசர்ட் ரெய்ன்'. கோரக் பாண்டேயின் போஜ்புரிப் பாடலே 'கந்தீசா' ஆல்பத்தின் 'ஹில்லே லே'. இவ்வுலகை உலுக்கும் மக்கள் படையின் வருகையை அறிவிக்கும் பாடல் அது.

இங்கே என் மூன்றாவது தேர்வைப் பொருத்திப் பாருங்கள். 'கந்தீசா' ஆல்பம் சென்றடைந்தது பெரும்பாலும் கல்லூரி மாணவரையும் ஆங்கிலம் அறிந்த நடுத்தர வகுப்பினரையும்தான். போஜ்புரி பேசும் தொழிலாளர் பல இலட்சம் பேர் அதே தில்லியில், யமுனைக்கு அப்பாலும் நகரின் விளிம்புக் குடியிருப்புகளிலும் வாழ்ந்தனர். அவர்களுக்கென இயங்கிய போஜ்புரிக் கேசட் சந்தை தில்லியிலேயே வலுவாக இருந்தது. பாடல் யாருக்காக எழுதப்பட்டதோ அவர்களும், அவர்களை எட்டும் வணிக வழியும், பாடிய குழுவும் ஒரே நகரில் இருந்தும் ஒன்றுசேரவில்லை. மலிவான ஒரு போஜ்புரித் திரட்டில் இந்த ஒரு பாடல் இடம்பெற்றிருந்தால்கூடப் போதும். பாடல் தன் ஊராரிடம் திரும்பிச் சென்றிருக்கும்.

வெளியீட்டு வடிவத்தை வெறும் வணிகச் செய்தியாக நாம் கடந்துவிடக்கூடாது என்பதற்கு இது நல்ல சான்று. ஒரு பாடலை எந்த வகுப்பார் கேட்பர் என்பதைப் பாடலின் மொழியும் பொருளும் தீர்மானிப்பதாக எண்ணுகிறோம். இங்கே மொழியும் பொருளும் ஒரு திசையில் இருந்தன. வடிவமும் விலையும் கடையும் அதை வேறு திசைக்குக் கொண்டுசென்றன.

6. 'மா ரேவா' (2000)

ரேவா என்பது நர்மதையின் மறுபெயர். ஆற்றைத் தாயெனப் போற்றும் நாட்டார் பாடலே இது. பாடல் வரிகளில் அணையைப் பற்றி ஒன்றும் இல்லை, கண்டனமும் இல்லை. ஆனால் அதைக் குழுவுக்குள் கொண்டுவந்த ராகுல் ராம், நர்மதா பச்சாவ் ஆந்தோலனில் 1990களின் முற்பகுதியில் பணியாற்றியவர். நச்சியலில் முனைவர் பட்டம் பெற்ற அறிவியலாளர்.

காலவரிசையைக் கவனியுங்கள். சர்தார் சரோவர் அணைக்கு எதிரான வழக்கு 1994இல் உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றது. 1995 முதல் கட்டுமானம் நின்றது. 1999 பிப்ரவரியில் அணையின் உயரத்தை 85 மீட்டருக்கு உயர்த்த இடைக்கால அனுமதி கிடைத்தது. 2000 அக்டோபர் 18 அன்று வந்த தீர்ப்பு, இருவர் ஒருபுறமும் நீதிபதி எஸ். பி. பரூச்சா மறுபுறமுமாக அமைந்து, கட்டுமானம் தொடர வழிவிட்டது. 'கந்தீசா' ஆல்பம் அதே 2000இல், தீர்ப்புக்கு முந்தைய மாதங்களில் வெளிவந்தது. வழக்கு நடந்த உச்ச நீதிமன்றமோ மேற்சொன்ன ஐ.டி.ஓ. சந்தியிலிருந்து நடந்துசெல்லும் தொலைவில் உள்ளது.

அம்மாதங்களில் நர்மதைப் பள்ளத்தாக்கின் குரல் தில்லிவாசிகளின் செவிக்கு எவ்வாறு வந்தது? அறிக்கைகளாகவும், மறியல் பற்றிய செய்திகளாகவும், எதிரெதிர் நிபுணர்களின் எண்களாகவும் வந்தது. அங்கு வாழ்ந்தோர் தம் ஆற்றை என்னவென்று அழைத்தார்கள் என்பது எந்த மனுவிலும் முழுமையாக இடம்பெறக்கூடிய செய்தி அன்று. 'மா ரேவா' அதைச் சொன்னது. பக்திப் பாடலின் வடிவில் இருந்ததால் எந்த வானொலி நிலையமும் அதைக் கருத்து வேறுபாட்டுக்குரியதாகக் கருதி ஒதுக்கியிருக்கக் காரணமில்லை. எளிதில் நினைவில் நிற்கும் பண்ணும் அதற்கு உண்டு. மூன்று தேர்வுகளிலும் முழுமையாகத் தேறுவது இதுவே. ஒரே ஒரு பாடலைத்தான் தெரிந்தெடுக்கலாம் என்று யாரேனும் வற்புறுத்தினால் என் விடை இதுதான்.

ஒரு பாடல் தீர்ப்பை மாற்றியிருக்கும் என்று நான் சொல்லவில்லை. நீதிமன்றங்கள் பாடல் கேட்டு முடிவெடுப்பதில்லை. ஆயினும் வீடிழந்தோரை ஒரு நகரம் எவ்வாறு நினைவுகூர்கிறது என்பது தீர்ப்போடு முடிவதன்று. அந்நினைவுக்கு ஒரு பண் துணையாக இருந்திருக்கலாம்.

7. எதிர்வாதம்

இவ்வாதத்துக்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. அதைத் தவிர்க்க விரும்பவில்லை. தனித்து வெளிவரும் பாடல் தன் சூழலை இழக்கும். 'மா ரேவா'வை ஆல்பத்திலிருந்து பிரித்தால், கோரக் பாண்டேயின் பாடலுக்கும் சிரியாக் துதிக்கும் அருகில் நின்றதால் அதற்கு வாய்த்த பொருள் போய்விடும். உணவகங்களில் மெல்ல ஒலிக்கும் இனிய பக்தி இசையாக அது எஞ்சக்கூடும். ஒரே ஆல்பத்தில் போஜ்புரியும் சிரியாக்கும் நர்மதைக்கரை வழக்கும் அருகருகே நிற்பதுதான் 'கந்தீசா'வின் கருத்து. பாடல்களைப் பிரிப்பது அக்கருத்தைச் சிதைப்பதாகும் என்று கூறலாம்.

இம்மறுப்பில் உண்மை இருக்கிறது. ஆனால் நம் மரபு இதை முன்பே எதிர்கொண்டுள்ளது. புறநானூற்றுப் பாட்டு ஒன்று தொகைக்குள்ளும் வாழ்கிறது. தனியே மேற்கோளாகவும் வாழ்கிறது. தனியே வாழும்போது அதன் சூழலை மீட்டுத் தருவது அடியில் நிற்கும் திணை, துறை, கொளுக் குறிப்பு. யார் பாடியது, யாரை, எப்போது என்ற செய்தியைப் பாட்டோடு பிணைத்துவைத்தவர்கள் தொகுத்தவர்கள். தனித்தட்டு சூழலை அழிக்கிறது என்ற குறைக்கு விடை பாடலைப் பூட்டி வைப்பதன்று. அதனோடு கொளுவையும் சேர்த்து அனுப்புவதே. கேசட்டின் உள்தாள் அந்த வேலையைச் செய்தது. இன்றைய ஒலியோடைச் செயலிகளில் பெரும்பாலும் பாடலாசிரியர் பெயரைத் தேடிக் காண்பதே கடினமாக உள்ளது.

8. பின்னுரை: தொகை தானே கலைந்தபோது

2009 டிசம்பர் 25 அன்று அஷீம் சக்ரவர்த்தி காலமானார். தரையில் அமர்ந்து தபலா வாசித்தபடி பாடிய அவருடைய குரல் பதிவான இறுதிப் பாடல்களைக் குழு 2010 சூலை முதல் மாதம் ஒன்றாக, இணையத்தில் இலவசமாக வெளியிட்டது. அத்தொகையின் பெயர் '16/330 கஜூர் ரோடு'. கரோல்பாக் பகுதியில் அவர்கள் ஒத்திகை நடத்திய பழைய வீட்டின் முகவரி அது. ந. ம. ராஷித்தின் உருதுக் கவிதையைக் கொண்ட 'டர்த்தே ஹோ' அதில் ஒன்று. இருபது ஆண்டு ஆல்பமாகவே சிந்தித்த குழு, தன் ஆல்பத்தைத் தானே முத்தகங்களாகப் பிரித்துக் கொடுத்தது அப்போதுதான். ஒவ்வொரு பாடலுக்கும் ஒரு மாதம் முழுமையாகக் கிடைத்தது. 2000இல் இவ்வழி இருந்திருந்தால் 'ஹில்லே லே'வுக்கும் 'மா ரேவா'வுக்கும் தலா ஒரு மாதம் கிடைத்திருக்கும்.

அதன்பின் நிலைமை விரைவாகத் தலைகீழானது. 2011 நவம்பரில் 'ஒய் திஸ் கொலவெறி' யூடியூபில் தனியே வந்து பரவியது முதல், 'முதல் சிங்கிள்', 'இரண்டாம் சிங்கிள்' என்ற சொற்கள் தமிழ்த் திரை விளம்பரங்களில் இயல்பாகிவிட்டன. இன்று எல்லாமே தனித்து வருகின்றன, தொகைதான் அரிதாகிவிட்டது. எனவே அடுத்த தலைமுறை ஆய்வாளர் நம்மிடம் கேட்கப்போகும் வினா வேறாக இருக்கும்: தனித்தனியே வந்த இப்பாடல்களுள் எவை ஒரே தொகையில் நின்றிருக்க வேண்டும்?

அவர்களுக்கு விடையளிக்கச் சான்றுகள் வேண்டும். 1990களின் தில்லி இசையைப் பற்றிய முதன்மைச் சான்றுகள் பெரும்பாலும் தனியார் வீடுகளில் உள்ளன. கேசட் உள்தாள்கள், கல்லூரி விழா அறிவிப்புகள், நுழைவுச்சீட்டுகள், வானொலியிலிருந்து பதிவுசெய்த நாடாக்கள் ஆகியவையே அவை. நாடாவில் பூஞ்சை படிந்தாலும் உள்தாள் பிழைத்திருக்கும். இவற்றை வைத்திருப்போர் தயவுசெய்து வீசிவிட வேண்டாம். உள்தாளின் இருபுறத்தையும் படமெடுத்து, எங்கே எந்த ஆண்டு வாங்கியது என்ற குறிப்புடன் பாதுகாத்து வையுங்கள். மேற்சொன்ன மூன்று பாடல்களையும் 2000க்கு முன்போ பின்போ வானொலியிலோ, போராட்ட மேடையிலோ, தொழிலாளர் குடியிருப்பிலோ கேட்ட நினைவுடையோர் கருத்துப் பகுதியில் ஆண்டும் இடமும் குறித்து எழுதினால் நன்றியுடன் பதிவுசெய்துகொள்வேன். உங்கள் தெரிவு வேறாக இருப்பின் அதையும், எந்தத் தேர்வின் அடிப்படையில் என்பதையும் எழுதுங்கள்.